நெறிமுறைக் குழுவில் பொது ஆள் நான்: நோயாளிகளை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று எப்படிக் கேட்பது?

பேரையூரான்:

வணக்கம். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். படிப்பு பி.யு.சி.யோடு சரி. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவில் என்னைப் போட்டிருக்கிறார்கள். அங்கே எந்த மருந்து ஆய்வு நடந்தாலும் இந்தக் குழு பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான் தொடங்க வேண்டும். மருத்துவம் படிக்காத பொது ஆள் ஒருவர் குழுவில் இருந்தே ஆக வேண்டுமாம். குழுத் தலைவரோடு காலையில் சேர்ந்து நடப்பவன் என்பதுதான் என் தகுதி.

கூட்டத்துக்கு முன்னால் தலையணை கனத்துக்குக் காகிதம் வீட்டுக்கு வரும். மற்றவர்கள் எப்படியோ, நான் முழுசும் படிக்கிறேன். சேமிப்புக் கணக்குக் கவுன்ட்டரில் காலம் தள்ளியவனுக்கு ஒரு வரியைத் தாண்டிப் போக வராது.

ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருப்பதால் மருந்து பேர், கம்பெனி பேர் கேட்காதீர்கள். சர்க்கரை நோய்க்கு வாரம் ஒரு ஊசி, மூன்றாம் கட்ட ஆய்வு. அதுவரை சொல்லலாம்.

யாரைச் சேர்க்கலாம், யாரைக் கூடாது என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே என்றால் கிடையாது. ஊசி போட்டதை அன்றன்றைக்கு ஆப்பில் பதிய வேண்டும், அதனால் சொந்தமாக ஸ்மார்ட்போன் வேண்டும். மருந்தைக் குளிரில் வைக்க வீட்டில் பிரிட்ஜ் வேண்டும். ஒரு வருஷத்துக்கு, வரச் சொல்லும் நாளிலெல்லாம் காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றோடு மருத்துவமனையில் நிற்க வேண்டும்.

பேரையூரில் என் மதினி இருக்கிறார். 58 வயது, நூறு நாள் வேலைக்குப் போகிறவர், சர்க்கரைக்கு ரொம்ப வருஷமாக அரசு மாத்திரை சாப்பிடுகிறார். இந்தப் பட்டியலை அவர் மேல் வைத்துப் பார்த்தேன். ரத்தம் எப்போது பார்த்தாலும் ஒன்பதுதான். போன் இருக்கிறது, பட்டன் போன். வீட்டில் அரசு கொடுத்த மிக்ஸி உண்டு, கிரைண்டர் உண்டு, மின்விசிறி உண்டு, பிரிட்ஜ் கிடையாது. எட்டு மணிக்கு மதுரையில் இருக்க வேண்டும் என்றால் விடியுமுன் பஸ் ஏற வேண்டும், அதுவும் சர்க்கரைக்காரர் வெறும் வயிற்றோடு. பெண்களுக்கு இலவசப் பயணம் டவுன் பஸ்ஸில்தானே, வெளியூர் வண்டியில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். அன்றைக்கு வேலைத்தளத்தில் காலைப் போட்டோவிலும் மதியப் போட்டோவிலும் நிற்காவிட்டால் கூலியும் போச்சு. மதினிக்குச் சர்க்கரை இருக்கிறது, ஆனால் சர்க்கரை ஆய்வில் அவருக்கு இடமில்லை.

அதே கட்டில் இன்னொரு காகிதம். ஏற்கனவே கடையில் விற்கும் ஒரு மாத்திரையை வேறொரு கம்பெனி செய்கிறது. அது அதே அளவு ரத்தத்தில் ஏறுகிறதா என்று நோயில்லாத ஆண்களை வைத்துப் பார்ப்பார்கள். தங்க வேண்டும், பலமுறை ரத்தம் கொடுக்க வேண்டும், பணம் உண்டு. இதில் ஸ்மார்ட்போனும் கேட்கவில்லை, பிரிட்ஜும் கேட்கவில்லை. யார் வருவார்கள் என்று விசாரித்தேன். பெயிண்டர், கொத்து வேலைக்காரர், கேட்டரிங் பையன்கள்.

கூட்டத்தில் இதை மெதுவாகக் கேட்டேன். “ஏழைகளை ஆய்வில் சேர்த்தால் சுரண்டல் என்பார்கள் சார், அதனால்தான் கவனமாக இருக்கிறோம்” என்றார் ஒரு டாக்டர். எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டாவது காகிதத்தில் அந்தக் கவனம் எங்கே போனது என்று அப்போது எனக்குக் கேட்க வரவில்லை. முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது. தொழில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: நான் எதை, எந்த வார்த்தையில் கேட்க வேண்டும்?

---

குற்றாலச்சாரல்:

ஐயா, அரசு மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் பாடம் நடத்துகிறேன், நானும் ஒரு நெறிமுறைக் குழுவில் இருக்கிறேன். முதலில் உங்கள் பலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி குழுவில் குறைந்தது 7 பேர் வேண்டும், பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். குறைந்தபட்ச வருகை 5 பேர். அந்த ஐவரில் பொது உறுப்பினர் ஒருவர். அதாவது உங்கள் நாற்காலி காலியாக இருந்தால் அந்தக் கூட்டம் செல்லாது. தலையாட்டுகிற கூட்டத்தில் தலையாட்டாமல் உட்காருங்கள், போதும்.

ஹீமோகுளோபின் விஷயத்துக்கு வருகிறேன். அதில் சதி இல்லை, காரணம் இருக்கிறது. மூன்று மாத சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை சிவப்பணுவை வைத்துத்தான் நடக்கிறது. இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகையில் அந்த அளவு உள்ளதைவிடக் கூடக் காட்டும். மருந்து வேலை செய்ததா இல்லையா என்பதே குழம்பிவிடும். அதனால் வெட்டுகிறார்கள்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழ் என்றாலே ரத்தசோகை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு அது இருந்தது. 10 என்று கோடு போட்டால் அத்தனை பேரும் போக மாட்டார்கள், ஆனால் போகிறவர்கள் யார் என்பது உங்களுக்கே தெரியும். நாளை இந்த ஊசி சந்தைக்கு வந்ததும் டாக்டர் சீட்டு எழுதும்போது ஹீமோகுளோபின் பார்த்து நிறுத்தப் போவதில்லை. உங்கள் மதினிக்கும் எழுதுவார். அவர் மாதிரி உடம்பில் இது எப்படி நடந்துகொள்ளும் என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

எனவே “ஏன் வெட்டினீர்கள்” என்று கேட்காதீர்கள், பாடம் எடுப்பார்கள். “ரத்தசோகை உள்ளவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையையோ, தோலில் ஒட்டும் சென்சாரையோ வைத்துத் தனியாக ஒரு சிறு பிரிவு நடத்த முடியாதா?” என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று. சேர்க்கப்படாதவர்களின் பதிவேடு ஒவ்வொரு ஆய்விலும் இருக்கும். வந்தவர் யார், எந்தக் காரணத்தால் திருப்பி அனுப்பப்பட்டார் என்று வரிவரியாக. குழு கேட்டால் காட்ட வேண்டும். எங்கள் குழுவில் யாரும் கேட்பதே இல்லை என்பது வேறு கதை.

---

சுடுசோறு:

படிச்சவங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஏழையை எப்படி உள்ளே இழுக்கிறதுன்னு யோசிக்கிறீங்க. வெளியே நிக்கிறதுதான்யா அவனுக்குப் பாதுகாப்பு.

கம்மம் மறந்துபோச்சா? 2009-ல், அப்போ ஆந்திராவில் இருந்த கம்மம் மாவட்டத்திலும் குஜராத் வதோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி. 10 வயசு முதல் 14 வயசுப் பொண்ணுங்க. கம்மத்தில் மட்டும் சுமார் 14,000 பேர். பழங்குடிப் பிள்ளைங்க தங்கிப் படிக்கிற விடுதிகள்ல அம்மா அப்பா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வார்டன் போட்டிருந்தாங்க. சில பிள்ளைங்க செத்துப்போனாங்க. 2010 ஏப்ரலில் நிறுத்தினாங்க. 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு கிழி கிழின்னு கிழிச்சுது. ஏன் கம்மம்? ஏன் ஹைதராபாத் பணக்காரங்க இருக்கிற ஜூப்ளி ஹில்ஸ் இல்லை?

அடுத்து போபால். 2020 கடைசியில் கொரோனாத் தடுப்பூசி ஆய்வு. விஷவாயு பாதிச்ச குடியிருப்புகளுக்கு வண்டி வந்துச்சாம், 750 ரூபாய் கொடுத்தாங்களாம். ஆய்வுன்னே எங்களுக்குத் தெரியாது, தடுப்பூசி போடுறாங்கன்னு போனோம்னு அந்த ஜனங்க சொன்னாங்க. 1984-ல் பட்டவங்க மேலயே மறுபடியும்.

உங்க மதினி வீட்டில் பிரிட்ஜ் இல்லாததுக்குச் சந்தோஷப்படுங்க.

---

பேரையூரான்:

சுடுசோறு தம்பி, கோபம் நியாயம். கம்மத்தில் இறந்த பிள்ளைகளின் சாவுக்குத் தடுப்பூசி காரணமில்லை என்று விசாரணைக் குழு சொன்னதையும் சேர்த்துத்தான் நான் படித்தேன்; ஆனாலும் வார்டன் கையெழுத்து வார்டன் கையெழுத்துத்தான். எனக்கு உள்ள சிக்கல் வேறு. மதினியை வெளியே வைத்தால் ஊசியின் ஆபத்தும் வராது, சரி. மருந்து பிறகு அவருக்கே வரும், அளவு மட்டும் மதுரை கே.கே. நகர்க்காரர் உடம்புக்குப் பார்த்ததாக இருக்கும். இது பாதுகாப்பா?

---

சேத்துப்பட்டு பெரியவர்:

தம்பிங்களா, நான் மெட்ராஸ்ல காசநோய் ஆய்வுல ஹெல்த் விசிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். ரெண்டு பேரும் சொல்றது உண்மை. மூணாவது ஒண்ணு இருக்கு, அதை நான் சொல்றேன்.

1956-ல சேத்துப்பட்டுல காசநோய் மருந்து ஆய்வு மையம் ஆரம்பிச்சாங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், நாலு பேரும் சேர்ந்து. மொத ஆய்வே மெட்ராஸ் ஏழைங்களை வெச்சுத்தான். 193 பேர். பாதிப் பேரை சானடோரியத்துல, அதாவது காசநோய்க்குன்னே இருந்த ஆஸ்பத்திரில படுக்க வெச்சாங்க, நல்ல சாப்பாடு, ஓய்வு. மீதிப் பேர் அவங்கவங்க வீட்டுலயே. ஒரே ரூம்ல ஆறு பேர் படுக்கிற வீடுங்க. ரெண்டு பக்கமும் ஒரே மருந்து, ஐசோனியசிட், பி.ஏ.எஸ்.னு ரெண்டு காசநோய் மருந்து, ஒரு வருஷம். 1959-ல ரிசல்ட் வந்தது. வீட்டுல இருந்தவங்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானாங்க. சோறு கம்மி, இடம் கம்மி, அப்படியும். கூட இருந்தவங்களுக்கு அதனால நோய் கூடுதலாவும் ஒட்டலை. உலகம் பூரா சானடோரியத்தை மூட வெச்சது இதுதான்.

அது ஏன் அநியாயமா இல்லைன்னா, கேட்ட கேள்வி அந்த ஜனங்களோட கேள்வி. சானடோரியத்துல படுக்கை கிடைக்காதவன் பொழைப்பானா மாட்டானா? அதுக்கு அவனை வெச்சுத்தான் பதில் கண்டுபிடிக்க முடியும். பணக்காரனை வெச்சுக் கண்டுபிடிச்சா என்ன பிரயோஜனம்.

இன்னொண்ணு, அலைச்சல் எங்க மேல. மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாரான்னு நாங்க சொல்லாம கொள்ளாம வீட்டுக்குப் போவோம், மாத்திரையை எண்ணுவோம், சிறுநீர் வாங்கிட்டு வருவோம். வியாசர்பாடி சந்துல சைக்கிள் போகாது, இறங்கித் தள்ளிக்கிட்டே போவேன். கதவைச் சாத்துவாங்க. பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாதுன்னு என்னை இன்சூரன்ஸ் ஆளுன்னு சொல்லி வெச்ச குடும்பமும் உண்டு. எட்டு மணிக்கு வெறும் வயித்தோட வான்னு நோயாளியைச் சொல்றதுக்குப் பதிலா கம்பெனி ஒரு நர்ஸை பேரையூருக்கு அனுப்பட்டுமே. செலவு யாருக்குன்னுதான் பேச்சு.

எல்லாமே நல்லபடியா முடிஞ்சதுன்னும் சொல்ல மாட்டேன். 1968-ல செங்கல்பட்டு மாவட்டத்துல பி.சி.ஜி. ஊசி ஆய்வு ஆரம்பிச்சாங்க, ரெண்டரை லட்சம் பேருக்கு மேல, திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்க. பெரியவங்களுக்கு வர்ற நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கலைன்னு முடிவு வந்தது. ஊருக்கு ஊர் கை நீட்டின ஜனத்துக்கு என்ன லாபம்னு கேட்டா உடனே ஒண்ணுமில்லை. ஆனா அந்தப் பதில் பொய்யில்லை, உலகத்துக்கே தேவைப்பட்ட பதில்.

கிட்டத்துல பார்த்தா ஜார்க்கண்ட். 2019 முதல் 2022 வரைக்கும், நாலு மாவட்டம், 2,800 காசநோயாளிங்க, அவங்க வீட்டு ஆளுங்க 10,345 பேர். பழங்குடி ஜனங்கதான் அதிகம். எங்க சேத்துப்பட்டு நிறுவனமும் சேர்ந்து செஞ்சது. பாதி வீடுகள்ல குடும்பத்துக்கே மாசாமாசம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தாங்க. அந்த வீடுகள்ல புதுசா காசநோய் வர்றது 39 சதவீதம் குறைஞ்சது.

---

சுடுசோறு:

பெரியவரே, பசிச்சவனுக்குச் சோறு போட்டா நோய் குறையும்னு தெரியவும் ஆய்வா? மறு பாதி வீட்டுக்குப் பருப்பு போகலையே, அது உங்க நியாயத்தில் எங்கே வருது?

---

சேத்துப்பட்டு பெரியவர்:

சரியான இடத்துல அடிச்ச தம்பி. நோயாளிக்கு ரெண்டு பக்கமும் உணவு கொடுத்தாங்க. வீட்டு ஆளுங்களுக்குத்தான் ஒரு பக்கம் மட்டும். அது எனக்கும் உறுத்துது. ஆனா நீயும் நானும் தெரியும்னு சொன்னா அரசாங்கம் காசு ஒதுக்காது, நம்பர் கேப்பான். அந்த நம்பர் 2023-ல வந்தது. காசநோயாளிக்கு மாசம் 500 ரூபாயா இருந்த சத்துணவுப் பணம் 2024 நவம்பர்ல 1,000 ஆச்சு. அதனாலதான் ஆச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். கையில நம்பர் இருந்தா பேச முடியுது, அவ்ளோதான்.

---

ஓட்டமே வாழ்க்கை:

வணக்கம் சார். நான் ஸ்டடி கோஆர்டினேட்டர், ஆய்வுக்கு ஆள் சேர்த்து அவங்க வருகையைக் கவனிக்கிற வேலை, எந்த ஊர் எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல மாட்டேன். உள்ளே நடக்கிறதைச் சொல்றேன், உங்களுக்கு உபயோகப்படும்.

கிராமத்து ஆட்களை யாரும் வேணும்னே ஒதுக்கறதில்லை சார். பல நாட்டில் ஒரே சமயத்தில் ஆள் சேர்ப்பாங்க. மொத்த எண்ணிக்கை நிரம்பினதும் கதவு மூடிடும். யார் சீக்கிரம் சேர்க்கறாங்களோ அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் பேர், பணம். அதனால் நான் முதல்ல கூப்பிடுறது யாரை? எங்க ஓ.பி.க்கே வர்றவர், பைக் வச்சிருக்கிறவர், போன் போட்டா எடுக்கிறவர். நடுவில் விட்டுட்டுப் போனா என்கிட்டத்தான் விளக்கம் கேப்பாங்க. ஒரு வருகை தவறினா அது விதிமீறல்னு பதிவாகும். உசிலம்பட்டியில் இருந்து ஒருத்தர் வர்றார்னா, அவர் வரலைன்னா என்ன பண்றதுன்னுதான் முதல்ல தோணும். கெட்ட எண்ணம் ஒண்ணும் வேண்டாம், அந்த அவசரமே போதும்.

பயணப்படி விஷயம் கேளுங்க. எல்லா ஆய்விலும் போட்டிருப்பாங்க. ஆனா பஸ் டிக்கெட் கொடு, பாஸ்புக் நகல் கொடு, பில் அக்கவுன்ட்ஸுக்குப் போய் அடுத்த மாசம் அக்கவுன்ட்டில் ஏறும். மாசச் சம்பளக்காரருக்கு அது ஒரு விஷயமே இல்லை. கூலிக்காரர் ரெண்டாவது தடவை வர மாட்டார். ஐ.சி.எம்.ஆர்., அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட 2017 வழிகாட்டுதலில் பயணச் செலவு, இழந்த கூலி ரெண்டும் கொடுக்கலாம்னு இருக்கு. ரொம்பக் கொடுத்தா ஆசை காட்டுறதாகும்னு சொல்லி கூலியை அடிச்சிடுவாங்க. போன கூலியைத் திருப்பித் தர்றது எப்படி சார் ஆசை காட்டுறதாகும்?

அப்புறம் ஆய்வு முடிஞ்ச அன்னைக்கு என்ன நடக்கும்னும் கேளுங்க. ஊசி நின்னுடும். சர்க்கரை மறுபடி ஏறும். விதியில் ஆய்வுக்குப் பிறகும் மருந்தை இலவசமாத் தர வழி இருக்கு. ஆனா அந்த டாக்டர் பரிந்துரைக்கணும், உங்க குழு ஒப்புக்கணும், அந்த நோய்க்கு வேற மருந்து இல்லைன்னு ஆகணும். சர்க்கரைக்கு ஆயிரம் மருந்து இருக்குன்னு சொல்லிடுவாங்க. கடையில் அந்த ஊசி மாசம் என்ன விலைக்கு வரும்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க, முகம் மாறும்.

---

பேரையூரான்:

எல்லோருக்கும் நன்றி. கூட்டம் முடிந்தது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சாரல் சார் சொன்ன வார்த்தையிலேயே கேட்டேன். ஹீமோகுளோபின் கோட்டை இங்கே மாற்ற முடியாது, எல்லா நாட்டுக்கும் ஒரே ஆய்வுத் திட்டம் என்றார்கள். மாற்றச் சொல்லவில்லை, தனிப் பிரிவு ஏன் இல்லை என்று கம்பெனியிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள் என்றேன். வக்கீல் அம்மா ஒருவர் குழுவில் இருக்கிறார், அவரும் சேர்ந்துகொண்டார். கடிதம் போயிருக்கிறது. பதில் எப்படி வரும் என்று எனக்கு ஊகம் உண்டு.

பிரிட்ஜும் போனும் எளிதாக விழுந்தன. ஆப் இல்லாதவருக்குக் காகித டைரி, ஆய்வுத் திட்டத்தின் பின்னிணைப்பில் ஏற்கனவே அனுமதி இருக்கிறது! யாரும் அதுவரை புரட்டவில்லை. மருந்தை உசிலம்பட்டியில் மருத்துவமனையின் சிறு கிளினிக்கிலேயே வைத்து வாரம் ஒருநாள் போட்டுவிடலாம் என்று ஆய்வு டாக்டரே சொன்னார். ரத்தமும் அங்கேயே எடுத்து அனுப்ப முடியுமா என்றதற்குப் பார்க்கிறோம் என்றார்கள். பயணப்படி அன்றைக்கே கையில், கூலி இழப்பும் சேர்த்து: ஒப்புதலின் நிபந்தனையாகவே போட்டோம். சேர்க்கப்படாதவர் பதிவேடு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கள் மேசைக்கு வரும். விலையைக் கேட்டேன். கோஆர்டினேட்டர் அம்மா சொன்னது போலவே முகம் மாறியது, பதில் வரவில்லை.

இரண்டாவது காகிதத்துக்கு, அதுதான் பணம் கொடுத்து ஆள் எடுக்கும் சோதனைக்கு, நான் சம்மதிக்கவில்லை. ஆள் பிடிக்கும் ஏஜென்டுக்கு எவ்வளவு போகிறது, போன மாதம் வேறு இடத்தில் ரத்தம் கொடுத்த அதே பையன் இங்கே வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். இரண்டுக்கும் எழுத்தில் பதில் வராததால் என் மறுப்பைக் குறிப்பேட்டில் ஏற்றச் சொன்னேன். மற்றவர்கள் பெரும்பான்மையில் நிறைவேற்றினார்கள்.

இன்னொரு விஷயம் மிச்சம் இருக்கிறது, அதற்கும் யோசனை சொல்லுங்கள். பழைய ஆய்வு ஒன்றின் ஒப்புதல் படிவங்களைப் பார்க்க வேண்டும் என்றேன், காட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால் பக்கத்தில் சார்பில்லாத சாட்சி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. படிவத்துக்குப் படிவம் ஒரே கையெழுத்து. பேனா கூட மாறவில்லை. விசாரித்தால் அந்த வார்டு உதவியாளர். தபால் ஆபீஸில் கைநாட்டுக்குச் சாட்சி வெளி ஆளாக இருக்க வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். மணியார்டர் பணத்துக்கே அப்படி. உசிலம்பட்டியில் அந்தச் சாட்சியாக யாரைப் போடலாம்? பஞ்சாயத்துத் தலைவர் வேண்டாம், அவர் சொன்னால் ஊரே நீட்டும்.

---

ஓட்டமே வாழ்க்கை:

மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதுற பெண்கள் இருப்பாங்க சார், வாசிப்பாங்க, கேள்வியும் கேப்பாங்க. ஒரே ஆளை வைக்காம நாலஞ்சு பேரை மாத்தி மாத்திக் கூப்பிடுங்க. படிவத்தை முதல் நாளே அவங்க கையில் கொடுத்திடுங்க. நோயாளிக்கு முன்னாடி வச்சுப் புரட்டினா எங்க டாக்டருங்க அவசரப்படுத்துவாங்க.